ராபின் வில்லியம்ஸுக்காக ரெண்டு தடவை அழுதேன்

2014 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலைல எந்திரிச்சதும் பழக்க தோஷத்துல போனை எடுத்தேன், எடுத்த எடுப்புல கண்ணுல பட்டது ஹாலிவுட் காமெடி நடிகர் ராபின் வில்லியம்ஸோட போட்டோ, கருப்பு வெள்ளைல, கீழ 1951–2014ன்னு போட்டு. அப்படி ஒரு போட்டோவுக்கு என்ன அர்த்தம்னு தெரியாத ஆள் யாரு, ஆனாலும் இது ஏதோ பிறந்தநாள் வாழ்த்தா இருக்கும், எவனோ தப்பா டிசைன் பண்ணிட்டான்னு ஒரு பத்து செகண்ட் நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அடுத்த போஸ்ட்டும் அவர்தான், அதுக்கடுத்ததும் அவர்தான்.

63 வயசு. 2009ல இதயத்துல வால்வு மாத்துற ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும், அதனால ஹார்ட் அட்டாக்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் முழு செய்தியும் படிச்சேன். கலிஃபோர்னியால டிபுரான் பக்கத்துல அவரோட சொந்த வீட்லயே, அவரே தன் உயிரை முடிச்சுக்கிட்டார்னு. படிச்சிட்டு கட்டில்ல அப்படியே உக்காந்திருந்தேன். சமையக்கட்டுல இருந்து அம்மா என்னடா ஆச்சுன்னு கேட்டாங்க, ஒரு நடிகர் செத்துட்டாரும்மான்னேன், எந்த நடிகர்னு கேட்டாங்க, அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல.

பதில் சொன்னது அப்பாதான். பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே, "யாரு, நம்ம ஒரிஜினல் மாமியா?"ன்னார்.

எங்க வீட்ல அவருக்கு அதுதான் பேரு. அவ்வை ஷண்முகி அப்பாவுக்கு உயிர், எத்தனை தடவை பாத்திருப்பார்னு கணக்கே கிடையாது. டிவில எந்தப் பண்டிகைக்குப் போட்டாலும் எங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு, அடுத்த டயலாக்கை இவர் முன்னாடியே சொல்லி, படத்தைப் பாக்க விடாம பண்ணுவார். நான் காலேஜ் படிக்கிறப்ப ஒருநாள் ராபின் பொம்பள வேஷம் போட்டு நடிச்ச மிஸஸ் டவுட்ஃபயர் சிடி வாங்கிட்டு வந்து, அப்பா இதுதான் அதுக்கு மூலம், 1993லயே வந்திருச்சுன்னு போட்டேன். அரை மணி நேரம் மொறைச்சுக்கிட்டே பாத்தார், தன்னோட ஆளுக்குப் போட்டியா எவனையோ கூட்டிட்டு வந்துட்டேன்கிற மாதிரி. அப்புறம் அந்த சீன் வந்துச்சு. கோர்ட்ல இருந்து விசாரணைக்கு வந்த அம்மா வெளிய உக்காந்திருக்கு, இவர் கிட்ட முகமூடி இல்ல, சட்டுன்னு கேக்ல மூஞ்சிய அப்பிக்கிட்டு நிமிருவார், க்ரீம் சொட்டு சொட்டா டீ கப்புல விழும். எங்கப்பா சோபாவுல இருந்து கீழ சரிஞ்சு விழுந்துட்டார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவா வராது, பாதி வசனம் புரிஞ்சிருக்காது. ஆனா படம் முடிஞ்சதும், "இந்தாளு வாயில மோட்டர் வச்சிருக்கான்டா"ன்னு சொன்னார் பாருங்க, ராபின் வில்லியம்ஸ் பத்தி நான் அப்புறம் படிச்ச எந்த விமர்சனமும் அதை விட சரியா சொல்லல.

மோட்டர்தான். அந்தப் படத்தோட டைரக்டர் கிறிஸ் கொலம்பஸ் சொல்லியிருக்கார், முதல் ஒண்ணு ரெண்டு டேக் எழுதி வச்சபடி நடிப்பாராம், அதுக்கப்புறம் அவர் இஷ்டத்துக்கு விளையாட விட்டுருவாங்களாம், அடுத்து என்ன செய்வார்னு அவருக்கே தெரியாது, அதனால ஒரே நேரத்துல பல கேமரா ஓட்டுவாங்களாம், இல்லேன்னா எதிர்ல இருக்கறவங்க ரியாக்‌ஷன் தவறிப் போயிரும். 1978ல மோர்க் அண்ட் மிண்டின்னு டிவி சீரியல்ல வேற்றுக் கிரகத்து ஆளா வந்தவர், உண்மையிலயே இந்த கிரகத்து வேகத்துல இல்ல. 1992ல அலாதீன் படத்துல பூதத்துக்குக் குரல் குடுத்தப்ப மணிக்கணக்குல தோணினதெல்லாம் பேசித் தள்ளியிருக்கார், அதுக்கு ஏத்த மாதிரி பொம்மை வரைஞ்சவங்க படம் வரைஞ்சாங்க. இதெல்லாம் ஏதோ தெருவுல கத்துக்கிட்ட வித்தைன்னு நெனச்சுராதீங்க, நியூயார்க்ல ஜூலியார்ட்ல முறைப்படி நாடகம் படிச்சவர்.

அவர் அப்பா ஃபோர்டு கார் கம்பெனில பெரிய பதவில இருந்தவர். குட் வில் ஹண்டிங் படத்துக்காக 1998ல ஆஸ்கர் வாங்குறப்ப மேடைல அவர் அப்பாவை நெனச்சுக்கிட்டார், நான் நடிகனாகப் போறேன்னு சொன்னப்ப அப்பா ரொம்ப சந்தோஷம், எதுக்கும் கைத்தொழிலா வெல்டிங் கத்து வச்சுக்கோன்னு சொன்னார்னு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சதுக்குக் காரணம், உலகத்துல எல்லா அப்பாவும் ஒரே அப்பாதான் போல.

ஜூலியார்ட்ல அவர்கூடப் படிச்சவர் கிறிஸ்டோஃபர் ரீவ், நம்ம சூப்பர்மேன். 1995ல குதிரைல இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ எதுவுமே அசையாமப் போச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி, பொழைப்போமா மாட்டோமான்னு தெரியாம அந்த மனுஷன் படுத்துக் கிடக்கிறப்ப, ரூம் கதவு படார்னு திறக்குது, தலைல நீலத் தொப்பி, மஞ்சள் கவுன், ரஷ்யாக்காரன் மாதிரி கரகரன்னு இங்கிலீஷ், நான்தான் மூலத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர், உடனே உங்களை செக் பண்ணனும்னு ஒருத்தர் நிக்கிறார். ராபின். விபத்து நடந்ததுக்கு அப்புறம் ரீவ் முதல் தடவையா சிரிச்சது அப்பத்தான், இனி நான் எப்படியும் நல்லாயிருவேன்னு அந்த நிமிஷம்தான் தோணுச்சுன்னு அவரே தன் சுயசரிதைல எழுதி வச்சிருக்கார். இந்த சம்பவத்தை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் கடைசில தொண்டை அடைக்கும், இப்ப டைப் பண்றப்பவும்தான்.

அவர் செத்த அந்த வாரம் பூரா எல்லாரும் ஒரே கதையத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஊரையே சிரிக்க வச்சவன் உள்ளுக்குள்ள அழுதுகிட்டிருந்தான்னு. அந்தப் பழைய கதையும் சுத்துச்சு, மனசு சரியில்லன்னு ஒருத்தன் டாக்டர்கிட்ட போவான், ஊருக்கு ஒரு கோமாளி வந்திருக்கான் போய்ப் பாரு எல்லாம் சரியாயிரும்னு டாக்டர் சொல்வார், ஐயா அந்தக் கோமாளியே நான்தான்னு இவன் அழுவான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் ஒளிச்சு வச்சிருந்தார்னு சொல்றது பொய். 80கள்ல கொக்கெயின் போட்டதையும், 1982 மார்ச்ல அவரோட சிநேகிதர் ஜான் பெலூஷி போதை மருந்தால செத்த அந்த ராத்திரி தானும் அங்க கொஞ்ச நேரம் இருந்தேன்கிறதையும், அதுக்கப்புறம் மொத புள்ள பொறக்கப் போகுதுன்னு எல்லாத்தையும் விட்டதையும், இருபது வருஷம் தொடாம இருந்துட்டு அலாஸ்காவுல ஷூட்டிங் போன இடத்துல மறுபடி குடிக்க ஆரம்பிச்சதையும், 2006ல சிகிச்சைக்குப் போய் சேர்ந்ததையும் மேடைலயும் பேட்டிலயும் அவரே சொன்னார். 2010ல காமெடியன் மார்க் மேரன் கூட பேசுன பாட்காஸ்ட்ல, வாழ்க்கைய முடிச்சுக்கலாமான்னு ஒரு நெனப்பு வந்து போனதைக் கூட சொல்லி அதையும் சிரிப்பா மாத்திக் காட்டினார். கேட்டவங்க சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அவர் காட்டாம இல்ல, நாமதான் அவர் எதைக் காட்டினாலும் கைதட்டிப் பழகிட்டோம்.

அதே வாரத்துல நான் செஞ்ச ஒரு காரியம் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. ஆஸ்கர் விருது குடுக்கிற அகாடமி, அலாதீனும் பூதமும் கட்டிப் பிடிச்சுக்கிற படத்தைப் போட்டு, பூதமே உனக்கு விடுதலைன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வரி போட்டிருந்தது. லட்சக்கணக்குல ஷேர் ஆச்சு, நானும் கண்ணீரோட ஷேர் பண்ணேன். தற்கொலைத் தடுப்புல வேலை செய்றவங்க அப்பவே தலையில அடிச்சுக்கிட்டாங்க, சாவை விடுதலை மாதிரி காட்டாதீங்க, அதே இருட்டுல உக்காந்திருக்கிற இன்னொருத்தனுக்கு அது வாசல் மாதிரி தெரியும்னு. எனக்கு அப்ப அது தேவையில்லாத குத்தம் கண்டுபிடிக்கிறதா பட்டுச்சு. 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. அவர் போனதுக்கு அடுத்த அஞ்சு மாசத்துல அமெரிக்காவுல எதிர்பார்த்ததை விட சுமார் 10 சதவீதம் அதிகமா தற்கொலைகள் நடந்திருக்கு, ஆயிரத்து எண்ணூறுக்கும் மேல. ஒருத்தரோட சாவு மட்டுமே காரணம்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அந்த எண்ணைப் படிச்சதும் நான் பழைய போஸ்டைத் தேடிப் போய் அழிச்சேன். அழிச்சு என்ன பிரயோஜனம்.

(இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒரு நெனப்போட இருந்தா, தயவு செஞ்சு இந்தப் பதிவை மூடி வச்சிட்டு 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணாலும், தமிழ்லயே பேசலாம். பதிவு எங்கயும் போயிராது.)

சரி, ரெண்டாவது தடவை அழுதது.

அவர் போய் சில வருஷம் கழிச்சு எங்கப்பா கொஞ்சம் கொஞ்சமா மாற ஆரம்பிச்சார். முதல்ல வாசம் தெரியலன்னார். அம்மா பக்கத்துலயே தாளிச்சாலும் தெரியல. அப்புறம் மலச்சிக்கல், தூக்கத்துல கத்துறது, கையைக் காலை வீசுறது, ஒரு தடவை அம்மா மேலயே அடி பட்டிருச்சு. அதெல்லாம் வயசுன்னு விட்டுட்டோம். எங்களைப் பயமுறுத்துனது அவரோட பயம்தான். வாழ்க்கைல எதுக்குமே அசராத மனுஷன், சாயங்காலம் ஆனா கதவைப் பூட்டியாச்சான்னு பத்து தடவை கேப்பார், நான் பத்து நிமிஷம் லேட்டா வந்தா நடுங்கிக்கிட்டு வாசல்ல நிப்பார். ஜோக் அடிக்கிறது நின்னு போச்சு. ஒரு டாக்டர் மனச்சோர்வுன்னார், ரிட்டயர் ஆன ஆம்பளைங்களுக்கு சகஜம்னார். இன்னொருத்தர் கை நடுக்கத்தைப் பாத்துட்டு பார்க்கின்சன்ஸ்னார். நடுவுல ராத்திரி தூங்கறதுக்குன்னு குடுத்த ஒரு மாத்திரை அவரை ரெண்டு நாள் மரக்கட்டை மாதிரி ஆக்கிப் போட்டுருச்சு, வாயத் திறக்க முடியல, பிடிச்சு நிறுத்துனா நிக்க முடியல. அதைப் பாத்துட்டுத்தான் மூணாவதா போன டாக்டர் அம்மா, ரொம்பப் பொறுமையா ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டுட்டு, ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க: லூயி பாடி டிமென்ஷியா. மூளையைப் பாதிக்கிற வியாதி.

அந்த வார்த்தையை எங்கயோ கேட்டிருக்கேனேன்னு பஸ்ல வர்றப்ப தேடுனேன். முதல்ல வந்த பேரு ராபின் வில்லியம்ஸ்.

அவர் போய் மூணு மாசம் கழிச்சு வந்த பிரேதப் பரிசோதனை அறிக்கைல அது இருந்திருக்கு. செய்தியாவும் வந்திருக்கு. எனக்குக் கதை ஆகஸ்ட்லயே முடிஞ்சு போச்சு, கோமாளியோட சோகம்னு சீல் குத்தி உள்ள வச்சுட்டேன். நவம்பர்ல வந்த செய்தியை நான் திரும்பிக் கூடப் பாக்கல.

2016ல அவரோட மனைவி சூசன், நியூராலஜின்னு ஒரு மருத்துவப் பத்திரிகைல, மூளை டாக்டர்களைப் பாத்து எழுதுன மாதிரி ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடில உக்காந்து படிச்சேன். ஒவ்வொரு பத்தியும் எங்க வீடு. 2013 கடைசில வயித்துல தொந்தரவுல ஆரம்பிச்சிருக்கு. மலச்சிக்கல், தூக்கம் போச்சு, வாசம் தெரியல, இடது கைல லேசா நடுக்கம். அப்புறம் பயம், காரணமே இல்லாத பயம், கூட இருக்கறவங்க என்ன சொன்னாலும் அடங்காத பயம். 2014 ஏப்ரல்ல வான்கூவர்ல நைட் அட் த மியூசியம் மூணாவது பாகம் ஷூட்டிங், அதுல அவருக்கு ஒரு வரி கூட ஞாபகம் நிக்கலயாம். மூணு வருஷம் முன்னாடி பிராட்வேல அஞ்சு மாசம் நாடகம் போட்டவர், நூத்துக்கணக்கான வரி, ஒண்ணு கூடப் பிசகினதில்ல. அந்த வாய். எங்கப்பா மோட்டர்னு சொன்ன அந்த வாய்.

2014 மே 28 அன்னைக்கு பார்க்கின்சன்ஸ்னு சொல்லியிருக்காங்க. அவர் டாக்டர்கிட்ட திருப்பித் திருப்பிக் கேட்டாராம், எனக்கு அல்சைமரா, டிமென்ஷியாவா, மனச்சிதைவான்னு. எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் பதில் வந்திருக்கு. யோசிச்சுப் பாருங்க, தன் மூளை தன் கைல இருந்து நழுவுறது அவருக்குத் தெரியுது, பேரு மட்டும் கிடைக்கல. என் மூளையை ஒரு தடவை ரீபூட் பண்ணிட்டா போதும்னு மனைவிகிட்ட சொல்வாராம். அந்த இடத்துலதான் என்னால முடியல. போனை கவுத்து வச்சிட்டு அழுதேன், 2014ல அழுதது மாதிரி இல்ல, அது ஒரு ரசிகனோட அழுகை.

லூயி பாடிங்கிறது மூளைல இருக்கிற நரம்பு செல்லுக்குள்ள ஒரு புரதம் கட்டி கட்டியா சேர்றது. ஃப்ரெடரிக் லூயின்னு ஒருத்தர் 1912ல மைக்ரோஸ்கோப்ல பாத்து எழுதி வச்சார், அவர் பேருதான். நடக்கிற இடம், பயப்படுற இடம், கண்ணால பாக்குறதப் புரிஞ்சுக்கிற இடம், எங்க சேருதோ அங்க கோளாறு. ஒரு மணி நேரம் தெளிவா இருப்பாங்க, அடுத்த மணி நேரம் வேற ஆளு, மறுபடி தெளிவு. அதனால பாக்கறவங்களுக்கு நடிக்கிற மாதிரியே தோணும், எங்க பெரியப்பாவே ஒரு தடவை அப்படி சொன்னார், நான் அவரோட ஆறு மாசம் பேசல. ராபினோட மூளைல, கட்டி இல்லாத செல்லைத் தேடுறதே கஷ்டம்கிற அளவுக்கு எல்லா இடத்துலயும் பரவியிருந்துச்சாம், தாங்க பாத்ததுலயே ரொம்ப மோசமானதுல இதுவும் ஒண்ணுன்னு டாக்டர்கள் சூசன்கிட்ட சொல்லியிருக்காங்க. அந்த மூளையோடதான் அந்த மனுஷன் கேமரா முன்னாடி நின்னிருக்கார். கடைசி ராத்திரி படுக்கப் போறப்ப அவர் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்தாராம், சரியாயிட்டு வர்றார்னு சூசன் நெனச்சாங்களாம்.

அப்ப நாம சொன்ன கதை? பணம் புகழ் எல்லாம் இருந்தும் ஏன்னு கேட்டோமே, கோழைன்னு கூட சில பேர் டிவில உக்காந்து சொன்னாங்களே. அவருக்கு மனச்சோர்வு இருந்துச்சு, போதையோட போராட்டம் இருந்துச்சு, எல்லாம் உண்மை. ஆனா கடைசி பத்து மாசம் அவர்கூட சண்டை போட்டது வேற ஒண்ணு, அதுக்குப் பேரு கூட தெரியாம அவர் சண்டை போட்டார். நகைச்சுவை நடிகர்னாலே உள்ள அழுவான்னு நாம ஒரு கதை வச்சிருக்கோமே, அந்தக் கதை அழகா இருக்கறதாலயே எனக்கு இப்ப அது மேல கோவம். அது அவரை ஒரு உவமையா ஆக்கிருச்சு. அவர் வியாதி வந்த மனுஷன். எங்கப்பா மாதிரி. எங்கப்பா ஜோக் அடிக்கிறதை நிறுத்துனப்ப உள்ளுக்குள்ள ஏதோ சோகம்னு நாங்களும்தான் ரெண்டு வருஷம் வீணாக்குனோம், அண்ணன் கல்யாணத்துல நடந்த தகராறை நெனச்சு மருகுறார்னு அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டு வந்தாங்க.

அவர் போனப்ப பாஸ்டன்ல பப்ளிக் கார்டன் பூங்காவுல, குட் வில் ஹண்டிங்ல அவர் உக்காந்து பேசுன அந்த பெஞ்ச்ல ஜனங்க பூ வச்சாங்க, தரையில சாக்பீஸால படத்துல அவர் பேசுன வசனத்தை எழுதினாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினதும் ஒரு சுரங்கப் பாதை வரும், வாய்ல வானவில் வரைஞ்சிருக்கும், அதுக்கு இப்ப அவர் பேருதான். என் சிநேகிதன் ஒருத்தன் அங்க இருக்கான், அது வழியா தினம் வேலைக்குப் போறான், ஒருநாள் காரை ஓட்டச் சொல்லிட்டு பக்கத்து சீட்ல இருந்து வீடியோ எடுத்து அனுப்புனான். நல்ல வெயில்ல இருந்து இருட்டுக்குள்ள போய், அந்தப் பக்கம் மறுபடி வெயில். அப்பாகிட்ட காட்டுனேன், எந்த ஊரு ரோடுடா இது, குண்டு குழியே இல்லன்னார். அன்னைக்கு தெளிவா இருந்தார்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அவருக்கு சாயங்காலம்தான் மோசம். மூலைல ஒரு சின்னப் பையன் நிக்கிறான், சட்டை போடாம நிக்கிறான், யாரு வீட்டுப் பையன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். இந்த வியாதில இது வரும்னு டாக்டர் அம்மா சொல்லியிருந்தாங்க, இல்ல இல்லன்னு சண்டை போடாதீங்க, அவருக்குத் தெரியுது, பயப்படாம இருக்கிறாரான்னு மட்டும் பாத்துக்கங்கன்னு. நான் லேப்டாப்ல மிஸஸ் டவுட்ஃபயர் போட்டேன். ரொம்ப நேரம் எதுவும் இல்ல, முகம் கல்லு மாதிரி. கேக் சீன் வந்துச்சு. க்ரீம் டீல சொட்டுன உடனே அவர் தோள் ரெண்டும் குலுங்க ஆரம்பிச்சுது. சத்தம் வரல, ஆனா சிரிக்கிறார், கண்ணுல தண்ணி வர சிரிக்கிறார், அம்மா சமையக்கட்டுல இருந்து ஓடி வந்து கரண்டியோட நிக்கிறாங்க.

அப்புறம் அப்பா என் தோளைத் தட்டி, "டேய், கொஞ்சம் தள்ளி உக்காருடா, அந்தப் பையனுக்கு மறைக்குது"ன்னார்.

நான் தள்ளி உக்காந்தேன்.